நிலவில் போன டிவி படம்

பழைய டியூப் டிவி இருந்த வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வைத்தியம் உண்டு. படம் போய்விட்டால் பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டு! சில சமயம் படம் திரும்ப வந்துவிடும். இதே வைத்தியத்தை நிலவில் நின்றுகொண்டு ஒருவர் செய்து பார்த்திருக்கிறார் என்றால் நம்ப முடிகிறதா? அவர் பெயர் ஆலன் பீன். நிலவில் கால் வைத்த நான்காவது மனிதர்.

1969 நவம்பர் 14 அன்று பீட் கான்ராட், ரிச்சர்ட் கார்டன், ஆலன் பீன் ஆகிய மூவருடன் அப்பல்லோ 12 புளோரிடாவில் இருந்து கிளம்பியது. கிளம்பிய முதல் நிமிடத்திலேயே இரண்டு முறை மின்னல் தாக்கியது. விண்கலத்தில் இருந்து ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்துகொண்டிருந்த தகவல்கள் எல்லாம் அர்த்தமில்லாத எண்களாக மாறின.

அங்கே பணியில் இருந்த 26 வயது பொறியாளர் ஜான் ஆரோனுக்கு அந்த எண்களை எங்கேயோ பார்த்த ஞாபகம். சுமார் ஓராண்டுக்கு முன், தரையில் நடந்த ஒரு சோதனையின்போது இதே போல எண்கள் வந்திருந்தன. தகவல்களைச் சீராக்கி அனுப்பும் கருவிக்குப் போதிய மின்சாரம் கிடைக்காததே அதற்குக் காரணம். உடனே அந்தக் கருவியை மாற்று நிலைக்குத் திருப்பச் சொன்னார். அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று பீனுக்குத் தெரிந்திருந்தது. தட்டினார், தகவல்கள் திரும்ப வந்தன. பயணம் தொடர்ந்தது.

நவம்பர் 19 அன்று கான்ராடும் பீனும் நிலவின் புயல்களின் கடல் என்ற பகுதியில் இறங்கினார்கள். 1967 ஏப்ரலில் அங்கே போய் இறங்கியிருந்த ஆளில்லா விண்கலமான சர்வேயர் 3, 200 மீட்டருக்குள்தான் நின்றது. அவ்வளவு துல்லியமான இறக்கம்!

அப்பல்லோ 11 நிலவின் தரையில் இருந்து அனுப்பியது கறுப்பு வெள்ளைப் படம். இந்த முறை கலர் கேமரா. கான்ராட் ஏணியில் இறங்கியது வரை படம் நன்றாகவே வந்தது. பிறகு பீன் கேமராவை எடுத்து முக்காலியில் பொருத்தப் போனபோது, அது தவறுதலாகச் சூரியன் பக்கம் திரும்பிவிட்டது. மங்கலான வெளிச்சத்திலும் படம் எடுக்கக்கூடிய மிக நுட்பமான டியூப் அதற்குள் இருந்தது. நிலவில் காற்று மண்டலம் இல்லாததால் வெயிலின் கடுமை குறைய வழியே இல்லை. டியூபின் ஒரு பகுதி கருகிவிட்டது.

பூமியில் திரையின் மேல்பகுதி பளீர் வெள்ளை, மீதி கறுப்பு. சிக்னல் அறுந்திருந்தால் இப்படி வராது. ஆக ஆன்டெனாவும் வழியும் சரி, கோளாறு கேமராவில்தான். லென்ஸின் துளையைக் குறைக்கச் சொன்னார்கள், கேமராவைத் திருப்பச் சொன்னார்கள். கடைசியில் பீன் கையில் இருந்த சுத்தியலால் கேமராவின் தலையில் தட்டினார். படத்தில் ஏதோ மாற்றம் தெரிந்தது, என்ன செய்தாய் என்று ஹூஸ்டன் கேட்டது. ஆனால் படம் வரவில்லை. இரண்டு நடைகளும் சேர்த்து ஏழரை மணி நேரத்துக்கும் மேல் அவர்கள் நிலவில் உலாவினார்கள். அதில் பெரும்பகுதியை உலகம் காதால்தான் கேட்டது. அமெரிக்காவில் ஒரு டிவி நிறுவனம் பொம்மலாட்ட பொம்மைகளை வைத்து ஒப்பேற்றியது!

கதையின் முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான். பழுதான கேமராவைப் பூமிக்குக் கொண்டுவந்து சோதித்தார்கள். அதில் ஒளியைத் தானாகச் சரிசெய்யும் ஓர் அமைப்பு உண்டு. கருகிய பகுதி தந்த பெரிய மின்னழுத்தத்தை அது கடும் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு, மொத்தப் படத்தையும் இருட்டடித்திருக்கிறது. ஒரே ஒரு ஒயரை வெட்டி அந்த அமைப்பை நிறுத்தினார்கள். படத்தில் சுமார் 80 சதவீதம் நன்றாகத் தெரிந்தது! கேமராவின் மற்ற பாகங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன.

ஒரே பயணத்தில் இரண்டு கோளாறுகள். ஒன்றுக்கு ஒரு ஸ்விட்ச் போதும், மற்றொன்றுக்கு ஒரு ஒயர் போதும். முதலாவதை ஒருவர் முன்பே பார்த்திருந்தார், அதனால் நொடிகளில் தீர்ந்தது. இரண்டாவதை யாரும் பார்த்ததில்லை. அதற்கான விடை கிடைத்தபோது நிலவு நடை முடிந்துபோயிருந்தது.

ஆனால் பாடம் வீணாகவில்லை. அடுத்து வந்த கேமராக்களுக்கு லென்ஸ் மூடி கொடுத்தார்கள். 1971-ல் அப்பல்லோ 15 எடுத்துச் சென்ற கேமராவில், கடும் வெளிச்சத்தைத் தாங்கும் வேறு வகை டியூப் இருந்தது. அதைப் பூமியில் இருந்தே திருப்பவும் முடிந்தது.

ஆலன் பீன் 1981-ல் நாசாவை விட்டு விலகி ஓவியரானார். 2018-ல் இறக்கும் வரை அவர் வரைந்தது பெரும்பாலும் நிலவைத்தான். அன்று டிவியில் வராமல் போன காட்சிகளை அவரே தூரிகையால் காட்டிவிட்டார்.