பேகூர் நடுகல்லும் மூசை எஃகும்: கங்கவாடி வாள்களின் காலம் குறித்து

தென்னிந்திய எஃகைப் பற்றி எழுதப் புகுவோர் பென்னட் பிரான்சனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1986-இல் வெளியான அவரது நெடுங்கட்டுரை மூன்று கருத்துகளை முன்வைத்தது. பழைய நூல்கள் குறிப்பிடும் இந்திய இரும்பு எல்லாம் மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) உருக்கிய எஃகு ஆகாது. மைசூர்ப் பகுதியின் செய்முறையும் ஐதராபாத் பகுதியின் செய்முறையும் வேறு. 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய சான்றுகள் மெலிந்தவை. முதல் இரண்டிலும் எனக்கு மறுப்பில்லை. மூன்றாவதிலிருந்து அத்தொழிலே பிந்தியதோ என்ற ஐயம் வளர்வதைத்தான் ஏற்க இயலவில்லை.

பிரான்சனின் உறுதியான சாட்சிகள் ஐரோப்பியப் பயணிகள். அவர்களுள் முதன்மையானவர் 1800-இல் மைசூர் நாட்டைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன். பெங்களூருக்கு மேற்கே மாகடிப் பக்கத்தில் எஃகு உருக்கியதை அவர் நுணுக்கமாக எழுதியுள்ளார். கூம்பு வடிவ மண்மூசையில் தேனிரும்புத் துண்டு, ஆவாரங்குச்சி, பச்சிலை ஆகியவற்றை இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, பல மூசைகளை ஒரே உலையில் அடுக்கித் துருத்தி ஊதினார்கள். குச்சியின் கரி இரும்பில் ஏறி எஃகாயிற்று. அருகிலுள்ள சென்னபட்டணத்தில் இசைக்கருவிகளுக்கு எஃகுக் கம்பி இழுத்தார்கள். கசடு கலந்த எஃகு கம்பியாகும்போது அறுந்துவிடும். இத்தனை தேர்ச்சி ஓரிரு தலைமுறையில் வருவதன்று. கொல்லர்கள் தம் தொழிலை ஏட்டில் எழுதி வைக்கவில்லை; கும்பினி ஆட்கள் வந்தபிறகே அது எழுத்துக்கு வந்தது. பிரான்சனின் எல்லைக்கோடு எழுதியவர்களின் வருகையைக் காட்டுகிறது. உலையின் பிறப்பை அன்று.

இங்கே பேகூர் நடுகல்லை நிதானமாகப் பார்க்க வேண்டும். பெங்களூர் கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. நொளம்பன் வீரமகேந்திரனோடு பொருத அய்யப்பதேவனுக்குத் துணையாக, கங்க மன்னன் எரெயப்பன் நாகத்தரனைப் படையுடன் அனுப்பினான். தும்பெபாடிப் போரில் தன் படை உடைந்தபோது நாகத்தரன் யானைகளை எதிர்த்து மாண்டான். பின்னர் இருகன் என்பவனுக்கு நாகத்தரப் பட்டம் கட்டி, பெம்பூர் (பேகூர்) சார்ந்த பன்னிரண்டு ஊர்களைக் கல்நாடு என்னும் மானியமாக மன்னன் அளித்தான். கல்லில் சக ஆண்டு இல்லை. 9-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 10-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் எனலாம். அதற்குமேல் நெருக்க இயலாது.

எழுத்தைச் சூழ்ந்த சிற்பத்தில் யானை, குதிரை, வாளும் வில்லும் ஏந்திய காலாட்கள். பிற்கால வளைந்த தல்வார் வருமுன் இருந்த போர்முறை இது. கல் எஃகைச் சொல்லாது. ஆனால் ஊர்களையே மானியமாக்கிப் படைத்தலைவர்களைப் பேணிய ஆட்சியைச் சொல்கிறது. அத்தகைய ஆட்சிக்கு உள்ளூர்க் கொல்லுலைகள் இடைவிடாது ஆயுதம் தந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. அந்த உலைகளில் மூசையும் இருந்ததா என்பதைக் கல்லைக்கொண்டு நிறுவ முடியாது.

வாளின் வடிவத்தைக்கொண்டும் நிறுவ முடியாது. 17-ஆம் நூற்றாண்டின் தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய அலகுகளே பொருத்தப்பட்டுள்ளன. மூசை எஃகு விளைந்த தென்னாட்டிலேயே அயல் அலகுக்கு மதிப்பு இருந்தது.

ஆனால் வெளிச்சான்றுகள் பிரான்சனின் ஐயத்தைத் தளர்த்துகின்றன. 9-ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி தம் வாள் நூலில் சரந்தீபத்து (இலங்கை) எஃகை வகைப்படுத்தினார். 12-ஆம் நூற்றாண்டு கெய்ரோ கெனிசா மடல்கள் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து ஏடனுக்கு இரும்பு ஏறியதைப் பதிவு செய்கின்றன. இலங்கைச் சமனலவெவயில் 7 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை பருவக்காற்றால் இயங்கிய உலைகளை ஜில் ஜூலெஃப் 1996-இல் அறிவித்தார். அங்கு மூசையின்றியே உயர்கரி எஃகு கிடைத்தது. பிரான்சனின் முதல் எச்சரிக்கைக்கு இதுவே வலு. ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1994-இல் தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் மூசை எஃகு உற்பத்திக்கான தடயங்களை வெளியிட்டார். சித்ரதுர்கா மாவட்டத்துக் கட்டிஹொசஹள்ளியிலும் மூசை ஓடுகள் கிடைத்துள்ளன. இவ்விரு இடங்களின் காலமும் இன்னும் விவாதத்துக்குரியதே.

ஆகவே, கங்கர் நாடான கங்கவாடியில் 10-ஆம் நூற்றாண்டிலேயே மூசை எஃகு இருந்திருக்கக்கூடும் என்பதே இப்போதைக்குச் சொல்லத்தக்க முடிவு. தீர்ப்பைத் தரவல்லது அருங்காட்சியக வாளன்று, மண்ணடுக்கோடு கிடைக்கும் மூசை ஓடு. மாகடி, சென்னபட்டணம் வட்டாரங்களில் நிலம் மனைகளாகி வருகிறது. கசடு மேடுகளும் ஓட்டுக் குவியல்களும் கண்ணில் படுமானால், அப்புறப்படுத்துமுன் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.