நீருக்குள் இருக்கும் ஊர்

சேலத்துக்காரர்களான எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே மேட்டூர்தான். அணை முனியப்பனுக்குக் கோழி அறுத்து, மரத்தடியில் கல்லடுப்பு மூட்டி ஆக்கிச் சாப்பிடும் குடும்பங்களை இன்றும் பார்க்கலாம். மிளகாய் விழுது பூசிய கட்லா துண்டுகள் அகன்ற கல்லில் ஓரம் கருகி முறுகும் வாசனை சாலை வரை வரும்.

1925இல் தொடங்கிய கட்டுமானம் முடிந்து, 1934 ஆகஸ்ட் 21இல் அணை திறக்கப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் நீர்த்தேக்கம் ஸ்டான்லி ஆனது. காவிரி டெல்டா வயல்களுக்காகக் கட்டியது. சுற்றுலா பின்னால் ஒட்டிக்கொண்டது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. 120ஐத் தொட்டுவிட்டால் பதினாறு கண் மதகில் நுரை பார்க்கக் கூட்டம் கூடிவிடும்.

ஆனால் என் மனம் போவது நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் பண்ணவாடிக்கு. அணைக்காக மூழ்கிய ஊர்களின் மக்கள் வீடு, வயல், கோயில் எல்லாவற்றையும் விட்டு மேட்டுக்குப் போனார்கள். நீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில் அங்கே ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். வெடிப்புவிட்ட சேற்றில் நடந்து போய் நந்தியைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். படம் எடுக்க அதன் முதுகில் ஏறுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து ஏறாதீர்கள். அது ஒரு ஊர் கும்பிட்ட சாமி.