வீணையின் விரலும் ஒலியமுக்கியும்

காரைக்குடி என்றவுடன் நெடிய வீடுகளும் விருந்தும் நினைவுக்கு வருவது இயல்பு. அவற்றை விடுத்து, ஒலியின் வரலாற்றில் அவ்வூருக்குள்ள தொடர்பைப் பற்றி இன்று சிறிது பேசலாமென எண்ணுகிறேன்.

சங்கீதம் பயிலும் மாணவர்கள் காரைக்குடி வீணைச் சகோதரர்களை அறிந்திருப்பீர்கள். மூத்தவரான சுப்பராமையர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். இளையவரான சாம்பசிவையர் 1952-இல் சங்கீத நாடக அகாடமியின் விருதினைப் பெற்றார். வாய்ப்பாட்டுக்காக அவ்விருதினை அக்காலத்தே பெற்றவர் அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார். அரியக்குடியோ காரைக்குடிக்கு அண்டையூர்!

சகோதரர்கள் பயின்ற காலத்தில் ஒலிபெருக்கி இல்லை. வீணையின் நான்கு தந்திகளுள் அனுமந்தரம் தடித்தது. மீட்டியபின் நெடுநேரம் முழங்குவது. சாரணித் தந்தியோ மெல்லியது. இவ்விரண்டையும் செவிக்கு ஒத்த அளவில் நிறுத்துவது மீட்டும் விரலின் கடமை. எந்தத் தந்தியை எவ்வளவு அழுத்தத்துடன் தொடவேண்டுமென்பது பல்லாண்டுச் சாதகத்தால் மட்டுமே கைவருவது.

பிறகு மைக் வந்தது. காரைக்குடியில் பிறந்த ஏ. வி. மெய்யப்பன் முதலில் இசைத்தட்டு வாணிபத்தில் ஈடுபட்டுப் பின்னர்ப் படமெடுக்க முனைந்தார். போர்க்கால இடர்ப்பாடுகளால் சென்னையை விட்டுத் தம் ஊர்ப்பக்கமே வந்து ஸ்டூடியோ அமைத்தார். 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கு உருவானதே. ஆர். சுதர்சனம் இசையமைக்க, டி. கே. பட்டம்மாள் பாரதியாரின் பாடல்களைப் பாடினார். 1948-இல் ஏவி.எம். ஸ்டூடியோ சென்னைக்குக் குடிபெயர்ந்தது.

அந்நாளில் படத்தின் ஒலி, பிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிவாயிற்று. ஒலி மிகுந்தால் கோடு தன் எல்லையை முட்டிச் சிதையும்; குறைந்தால் பிலிமின் இரைச்சலில் மூழ்கும். இசைத்தட்டிலும் இதே தொல்லைதான்: தாழ்ந்த சுரம் அளவுமீறினால் வெட்டும் ஊசி அடுத்த வரிப்பள்ளத்தில் புகுந்துவிடும். ஆகவே ஒருவர் குமிழின்மேல் கைவைத்துக் காத்திருந்து, பாடகர் ஓங்கும்போது குறைத்தும் ஒடுங்கும்போது கூட்டியும் வருவார். ஆயினும் காதால் கேட்டபின்தானே கை அசையும்? அதற்குள் கெடுதல் நேர்ந்துவிடுகிறது. அவ்வேலையைத் தானே செய்யும் கருவி ஒன்றை அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1937-இல் வானொலி நிலையங்களுக்கென வெளியிட்டது. ஒலிபரப்பில் இப்பேச்சும் அத்தகைய கருவியொன்றைக் கடந்தே உங்களை வந்தடைகிறது.

இக்கருவியே கம்ப்ரஸர் எனும் ஒலியமுக்கி. அதன் வேலையை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு வரம்பை நிறுவி, விகிதத்தை நான்குக்கு ஒன்று என வைப்போம். வரம்பை எட்டு டெசிபல் மீறி வரும் ஒலி, இரண்டு டெசிபல் மட்டுமே மீறி வெளியேறும். வரம்புக்குக் கீழுள்ள ஒலியைக் கருவி தீண்டாது. பின்னர் மொத்த ஒலியையும் சற்று உயர்த்தினால் மெல்லிய சுரமும் முன்வந்து நிற்கும்.

1951-இல் லியோ ஃபெண்டர் மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொணர்ந்தபின், ஒலியமுக்கிக்குப் புதியதொரு பணி கிட்டியது. அனுமந்தரத்தின் சிக்கலே இங்கும். தடித்த தந்தி அதிர்கிறது, மெல்லியது ஒளிகிறது, கட்டைவிரலால் அறைந்தால் ஒரு சுரம் இடியாகிறது. 1980-இல் ஏவி.எம். எடுத்த ‘முரட்டுக்காளை’க்கு இசையமைத்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் வெறும் துணையன்று, இரண்டாவது பாட்டாகவே நடக்கிறது. அந்நடையில் ஒரு சுரம் விழுந்தாலும் பாட்டு நொண்டும்.

பதிவறையில் ஒலியமுக்கியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிழையானால் மறுமுறை பதியலாம். மேடையிலோ அவ்வாறன்று. திருவிழாப் பந்தலில் மெல்லிய ஒலியை உயர்த்தினால், ஒலிபெருக்கியின் முழக்கம் மீண்டும் மைக்கிலும் தந்தியிலும் புகுந்து ஊளையிடத் தொடங்கும். அங்கு இலேசான அமுக்கமே தகும். கருவி வினைபுரியும் வேகமும் முக்கியம். ஒரு வினாடியில் நூற்றில் மூன்று பங்கேனும் தாமதித்தால்தான் விரல் தந்தியைத் தொடும் முதல் ஓசை பிழைக்கும். உடனே அமுக்கினால் பஞ்சுமூட்டையைத் தட்டியது போலாகும். ஓங்குவதும் ஒடுங்குவதும் இராகத்தின் பொருளாயிருக்க, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்குவது எனக்கு உடன்பாடன்று. வீணைக்கு இதனை மாட்டுவோர் இதனினும் பன்மடங்கு தயங்கவேண்டும்.

சாம்பசிவையர் 1958-இல் மறைந்தார். அவர் வாசிப்பின் ஒலிப்பதிவுகள் எஞ்சியுள்ளன. பேருந்தில் கேட்டால் அனுமந்தரத்தின் அசைவு பாதி இரைச்சலில் போய்விடுகிறது. தெரு அடங்கிய பின் கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். தந்தி ஓய்ந்து மறையும் இடத்திலும் விரல் அசைந்துகொண்டிருப்பது கேட்கும்.