சிறு நீராமை வளர்ப்பு

சிறு நீராமை வளர்ப்பு என்பது, முழு வளர்ச்சி அடைந்த பின்னும் மேலோட்டின் நீளம் பொதுவாக 15 செ.மீ.ஐத் தாண்டாத நன்னீர் ஆமை இனங்களை வீட்டில் செல்லப் பிராணியாகப் பேணுவதைக் குறிக்கும். இதற்குப் பெரிதும் தெரிவு செய்யப்படும் இனம் வட அமெரிக்காவைச் சேர்ந்த கத்தூரி ஆமை ஆகும். ஆயினும் "சிறிய ஆமை" என்ற பெயரில் உலகெங்கும் மிகுதியாக விற்பனையானது செங்காது ஆமையின் குஞ்சே. அது சிறிய இனம் அன்று. இக்குழப்பம் மனிதரின் உடல்நலத்தையும் பல நாடுகளின் நீர்நிலைகளையும் பாதித்துள்ளது.

பெயர்

தமிழில் ஆமை என்னும் ஒரே சொல் நிலத்தில் வாழ்வனவற்றையும் நீரில் வாழ்வனவற்றையும் குறிக்கும். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் நில ஆமை, நீராமை, கடலாமை என முன்னொட்டுச் சேர்க்கப்படுகிறது. வளர்ப்பில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது; ஆழமான நீரில் விடப்பட்டால் அது மூழ்கி இறந்துவிடும். நீராமையோ நீருக்குள் உணவை வைத்தால்தான் எளிதாக விழுங்கும்.

குஞ்சும் இனமும்

செங்காது ஆமை (அறிவியல் பெயர்: டிராக்கெமிசு இசுகிரிப்டா எலிகன்சு) ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையையும் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய பகுதிகளையும் தாயகமாகக் கொண்டது. கண்ணுக்குப் பின்னால் காணப்படும் சிவப்புப் பட்டையே இதன் பெயருக்குக் காரணம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு சுமார் 3 செ.மீ. நீளமே இருக்கும், பச்சை நிற ஓடும் மஞ்சள் வரிகளும் கொண்டு ஒரு நாணயத்தைப் போலத் தோன்றும். அதே விலங்கு பெண்ணாக இருந்தால் 25 செ.மீ. அல்லது அதற்கு மேலும் வளரக்கூடும். ஆண் சற்றுச் சிறியது. நல்ல பராமரிப்பில் 30 ஆண்டுகள் வரை வாழும்.

1950களிலும் 1960களிலும் அமெரிக்க மலிவு விலைக் கடைகளில் இக்குஞ்சுகள் நெகிழிக் கிண்ணங்களில் விற்கப்பட்டன. கிண்ணத்தின் நடுவே சிறு மேடும் அதன்மேல் ஒரு நெகிழிப் பனைமரமும் இருக்கும். சில வணிகர்கள் ஓட்டின் மீது வண்ணம் பூசியும் விற்றனர். அத்தகைய கிண்ணத்தில் நீரை வடிகட்ட வழியில்லை, வெப்ப விளக்கு இல்லை, புற ஊதாக் கதிர் இல்லை. உலர்ந்த பூச்சிகளை மட்டும் உண்ட குஞ்சுகள் உயிர்ச்சத்து ஏ குறைவால் கண் வீங்கியும், சுண்ணச்சத்துக் குறைவால் ஓடு மென்மையாகியும் இறந்தன. ஆமை வளராத விலங்கு என்ற எண்ணம் நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். வளரும் வரை பல குஞ்சுகள் உயிரோடு இருக்கவில்லை.

சால்மோனெல்லாவும் 1975ஆம் ஆண்டுத் தடையும்

ஆமைகளின் குடலில் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா வாழ்கிறது. இது ஆமைக்கு நோய் உண்டாக்குவதில்லை. ஆகவே நலமாகத் தோன்றும் ஆமையும் அதனைக் கழிவோடு வெளியேற்றும். தொட்டி நீரிலும் ஓட்டிலும் படிந்து, தொடுபவரின் கை வழியே வாய்க்குச் செல்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கடுமையாக ஏற்படலாம். 1970களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் ஏற்பட்ட சால்மோனெல்லா தொற்றுகளில் ஏறத்தாழ 14 விழுக்காடு வளர்ப்பு ஆமைகளால் வந்தவை எனக் கணிக்கப்பட்டது.

இதனால் 1975ஆம் ஆண்டில் அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மேலோடு 4 அங்குலத்திற்கு (சுமார் 10 செ.மீ.) குறைவான ஆமைகளை விற்பதைத் தடை செய்தது. சிறு குழந்தை வாயில் வைத்துக்கொள்ளக் கூடிய அளவுள்ள ஆமைகளை வீட்டிலிருந்து விலக்குவதே நோக்கம். கல்வி, ஆராய்ச்சி, ஏற்றுமதி ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தடை இன்றும் நடைமுறையில் உள்ளது. எனினும் சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்பட்ட குஞ்சுகளால் 2023, 2024 ஆண்டுகளிலும் அங்கு தொற்றுகள் பதிவாயின.

இத்தடை சிறு இனங்களை விரும்புவோருக்கு ஓர் இடரையும் உண்டாக்கியது. முழு வளர்ச்சி அடைந்த கத்தூரி ஆமைகள் பலவும் 10 செ.மீ.ஐ எட்டுவதில்லை என்பதால், அவையும் அளவு விதிக்குள் சிக்கின.

பிற நாடுகளில் பரவல்

ஏற்றுமதிக்கு அளிக்கப்பட்ட விலக்கே அடுத்த சிக்கலுக்கு வாயிலானது. உள்நாட்டுச் சந்தையை இழந்த லூசியானா மாநில ஆமைப் பண்ணைகள் வெளிநாடுகளை நாடின. 1989 முதல் 1997 வரை மட்டும் 5 கோடியே 20 இலட்சம் செங்காது ஆமைகள் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியாயின. வளர்ந்த ஆமையை வைத்திருக்க இயலாதோர் அருகிலிருந்த குளத்திலோ ஆற்றிலோ விட்டனர். பலர் அதனை இரக்கச் செயலாகவே கருதினர். ஐரோப்பாவில் இவை வெயில் காயும் இடங்களுக்காக அங்குள்ள குள ஆமையுடன் போட்டியிட்டு அதனை விரட்டுவதாக ஆய்வுகள் காட்டின. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் செங்காது ஆமையும் இடம்பெற்றுள்ளது.

ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இதன் இறக்குமதியைத் தடுத்தது. வணிகர்கள் உடனே அதே இனத்தின் மற்றொரு துணையினமான மஞ்சள் வயிற்று ஆமைக்கு மாறினர். 2016இல்தான் இனம் முழுவதும் ஊடுருவல் உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சப்பானில் 2023 சூன் முதல் இதன் விற்பனையும் வெளியில் விடுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. ஏற்கெனவே வீட்டில் உள்ளவற்றைத் தொடர்ந்து வளர்க்கலாம். அனைத்தையும் தடை செய்திருந்தால் உரிமையாளர்கள் அஞ்சி ஒரே நேரத்தில் அவற்றை வெளியில் விட்டிருப்பர் என்பது இவ்விலக்கின் பின்னுள்ள காரணம்.

உண்மையில் சிறிய இனங்கள்

கத்தூரி ஆமை (இசுடெர்னோதெரசு ஒடோராட்டசு) கிழக்கு ஐக்கிய அமெரிக்காவிலும் தென்கிழக்குக் கனடாவிலும் மெதுவாக ஓடும் நீரில் வாழ்கிறது. வளர்ந்த ஆமை பெரும்பாலும் 8 முதல் 12 செ.மீ. இருக்கும். அச்சமுறும்போது ஓட்டின் விளிம்பருகே உள்ள சுரப்பிகளிலிருந்து கெட்ட நாற்றமுள்ள நீர்மத்தை வெளியிடும். தமிழில் கத்தூரி என்று நயமாகக் கூறினாலும், அதன் தாயகத்து மக்கள் வைத்த பெயர் "நாற்றப் பானை" எனப் பொருள்படும். வளர்ப்பில் பழகியபின் இவ்வாறு செய்வது குறைவு. இது திறமையாக நீந்துவதைவிட நீரின் அடியில் நடப்பதையே விரும்பும். நத்தை, புழு, பூச்சி, சிறிது நீர்த்தாவரம் ஆகியவற்றை உண்ணும். கழுத்து நீளமானது, ஓட்டின் நடுப்பகுதியைப் பிடித்துத் தூக்கினாலும் கடிக்க வல்லது.

உடல் சிறியது என்பதால் வாழ்நாளும் குறைவு என்று கொள்ளலாகாது. பிலடெல்பியா விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு கத்தூரி ஆமை 54 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அதனை வாங்கியிருந்தால், அவனுக்கு அறுபது வயதானபோதும் அது உயிரோடு இருந்திருக்கும்.

ஓட்டில் மூன்று வெளிர் வரிகள் கொண்ட மூவரிச் சேற்றாமையும் இவ்வளவுள்ளதே. புளோரிடாவில் இது மிகுதி. புள்ளி ஆமை கருநிற ஓட்டில் மஞ்சள் புள்ளிகளுடன் மிக அழகானது. அவ்வழகே அதற்குப் பகையாயிற்று. காடுகளில் பிடிக்கப்பட்டு எண்ணிக்கை குறைந்ததால் அருகிய இனமாக மதிப்பிடப்பட்டுள்ளது. மெக்சிகோவின் புவேர்ட்டோ வல்லார்ட்டா நகர்ப் பகுதியில் கண்டறியப்பட்டு 2018இல் பெயரிடப்பட்ட ஒரு சேற்றாமை சுமார் 10 செ.மீ. மட்டுமே வளர்வது. அதன் வணிகத்திற்கு முழுத்தடை உள்ளது. கத்தூரி ஆமைகளும் ஏனைய சேற்றாமைகளும் 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டின் முடிவுப்படி பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஆமைகள் முட்டையிடும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் ஆவதால், காட்டிலிருந்து வளர்ந்த ஆமைகளைப் பிடிப்பது அவ்விடத்துத் தொகையை விரைவில் அழிக்கும். வளர்ப்பிடத்தில் பிறந்த குஞ்சு ஒட்டுண்ணிகள் குறைவாகவும் உணவை எளிதில் ஏற்பதாகவும் இருப்பதால், வளர்ப்போருக்கும் அதுவே நன்று.

தொட்டியின் அளவு

ஓட்டின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 10 அமெரிக்கக் கலன் (சுமார் 38 லிட்டர்) நீர் வேண்டும் என்பது வளர்ப்போரிடையே வழங்கும் விதி. இதன்படி 4 அங்குலக் கத்தூரி ஆமைக்கு 150 லிட்டர் தொட்டி போதும். 10 அங்குலச் செங்காது ஆமைக்கு 380 லிட்டர் வேண்டும். கண்ணாடியும் கல்லும் சேராமலே நீரின் எடை மட்டும் 380 கிலோகிராம். இதனைத் தாங்கும் மேசை பெரும்பாலான வீடுகளில் இராது. இரண்டுக்கும் நீர் வடிகட்டி, நீரை விட்டு ஏறி வெயில் காய ஒரு மேடை, 30 பாகை செல்சியசு அளவில் வெப்பம் தரும் விளக்கு, புற ஊதாக் கதிர் விளக்கு ஆகியன தேவை. கத்தூரி ஆமைக்கு மூச்செடுக்க ஏறுவதற்குக் கற்களோ வேர்களோ இருக்க வேண்டும். அவை அசைந்து விழாதவாறு வைக்கப்பட வேண்டும். இடுக்கில் மாட்டிக்கொண்டால் நீராமையும் மூழ்கி இறக்கும்.

இந்தியாவில்

இந்தியாவின் பால் ஆமை, நட்சத்திர ஆமை முதலிய இனங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படுகின்றன. குளத்திலோ வயலிலோ கிடைத்ததாயினும் அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம். நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வணிகம் 2019இல் முற்றிலும் தடுக்கப்பட்டது. பன்னாட்டு உடன்படிக்கையில் பட்டியலிடப்பட்ட அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என 2022ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

செங்காது ஆமைக் குஞ்சுகள் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பயணப் பெட்டிகளில் மறைத்துக் கொண்டுவரப்பட்டு, சென்னை வானூர்தி நிலையத்தில் சுங்கத்துறையினரால் பலமுறை கைப்பற்றப்பட்டுள்ளன. கேரளத்தின் திருச்சூர்ப் பகுதி நீர்நிலைகளில் வெளியில் விடப்பட்ட செங்காது ஆமைகள் காணப்பட்டதை அடுத்து, கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைப் பொதுமக்களிடமிருந்து பெற்றுக்கொள்ள முன்வந்தது.