கடலை லெக்டினில் இரண்டு நீர்ப்பாலங்கள்: லெமியூவின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

புரதம் சர்க்கரையை இனங்காணும் முறை பற்றிய சிந்தனை, ஃபிஷரின் பூட்டு–சாவிக் கருத்திலிருந்து (1894) படிகவியல் காட்டிய ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கும், அங்கிருந்து ரேமண்ட் லெமியூவின் 1996ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் நேர்கோடாக வந்தது என்று கொள்வது எளிது. இந்தக் கோட்டின் கடைசிப் பகுதியை என்னால் ஏற்க இயலவில்லை.

லெமியூவின் வாதம் வலுவானது. சர்க்கரையின் ஹைட்ராக்சில் தொகுதிகள் கரைசலில் ஏற்கெனவே நீரோடு பிணைந்திருக்கின்றன. நீரை விட்டுப் புரதத்தைப் பற்றுவதால் கிடைக்கும் நிகர ஆதாயம் சொற்பம். இரு பரப்புகளையும் ஒட்டி, முழு வலுவோடு பிணைய முடியாமல் கிடந்த நீர் விடுபட்டு வெளிநீரோடு சேர்வதே உண்மையான உந்துவிசை. செர்வெனாக்கும் டூனும் 1994இல் சாதாரண நீரிலும் கனநீரிலும் வெப்ப அளவீடு செய்து, பிணைப்பு வெப்பத்தில் 25 முதல் 100 விழுக்காடு வரை கரைப்பானின் மறுசீரமைப்பால் வருவது என்று காட்டியது இதற்குத் துணை நிற்கிறது. எல்லா நீரையும் லெமியூ ஒன்றாகக் கருதினார் என்றும் குற்றம் சாட்ட மாட்டேன். ஆனால் உந்துவிசை வேறு, தேர்வு வேறு. எந்தச் சர்க்கரையை ஏற்பது என்ற தேர்வை அவர் புரதத்தை நேரடியாகத் தொடும் சில முனைவுத் தொகுதிகளிடம் ஒப்படைத்தார். இதைத்தான் நான் மறுக்கிறேன்.

மறுப்புக்கு ஆதாரம் நிலக்கடலையில் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விஜயன் குழுவினர் 1997இல், சர்க்கரையைப் பற்றும் புரதமான கடலை லெக்டினோடு டி-ஆன்டிஜன் இணைந்த படிக அமைப்பை வெளியிட்டனர். இயல்பான செல்களில் மறைந்திருந்து பல புற்றுநோய்ச் செல்களில் வெளிப்படும் இரட்டைச் சர்க்கரை அது. லாக்டோஸைவிட அதைக் கடலை லெக்டின் இறுகப் பற்றும். இரண்டு சர்க்கரைகளோடும் லெக்டின் இணைந்த அமைப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் நேரடித் தொடர்புகள் ஏறக்குறைய ஒன்றே. கேலக்டோஸ் அதே பள்ளத்தில், அதே டைரோசின் 125இன் மேல் படிந்திருக்கிறது. மாறுவது ஓரிடம்தான். டி-ஆன்டிஜனின் அசெட்டமிடோ தொகுதி புரதத்தைத் தொடுவதில்லை. இரண்டு நீர் மூலக்கூறுகளின் வழியே எட்டுகிறது. அந்த இரு பாலங்களைத் தவிர மிகுதிப் பற்றுக்கு அந்த அமைப்பில் வேறு காரணம் தென்படவில்லை.

படிகம் இடத்தைக் காட்டுமேயன்றி ஆற்றலை அளக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு நீரைக் கட்டிவைப்பதற்கான என்ட்ரோபி விலை அறை வெப்பநிலையில் மோலுக்கு 2 கிலோகலோரியைத் தாண்டாது என்று டுனிட்ஸ் 1994இலேயே மதிப்பிட்டிருந்தார். நல்ல இரு பிணைப்புகள் அதை ஈடுகட்டிவிடும். கான்கனவலின் ஏ என்ற மற்றொரு லெக்டினின் ஆய்விலும் ஒரு தடயம் உண்டு. அங்கே மும்மனோஸைப் புரதத்தோடு இணைக்கும் ஒரு நீரின் இடத்தைப் பிடிக்குமாறு ஹைட்ராக்சிஎத்தில் கை பொருத்திய சர்க்கரையை 2001இல் சோதித்தார்கள். பிணைப்பு வலுக்கவில்லை. இந்த ஒரு சோதனையை வைத்து விதி வகுக்க முடியாது. எனினும் நீர் போனாலே லாபம் என்ற எளிய கணக்கு இங்கே செல்லவில்லை.

நீரே தேர்வைச் செய்கிறது என்ற கருத்துக்கு எந்த ஆண்டைத் தொடக்கமாகக் குறிப்பது? குவியோச்சோ குழு 1989இலேயே, ஈ. கோலையின் அராபினோஸ் பிணைப்புப் புரதத்தில் கட்டுண்ட நீர் தேர்வைத் திருத்துகிறது என்று எழுதிவிட்டது. ஆனால் அங்கே நீர், செறிந்த நேரடிப் பிணைப்புகளுக்குத் துணையாகவே நின்றது. நீர் மட்டுமே தேர்வைச் செய்வது கடலையில்தான் தெரிகிறது. எனக்கு 1997 பொருத்தமாகப் படுகிறது. 1989 என்போரை முற்றாக மறுக்கும் சான்று என்னிடம் இல்லை.