கண்டி வீதி

கிளிநொச்சிக்கு அண்மையில் '155ஆம் கட்டை' என்றோர் இடமுண்டு. வன்னியின் ஊர்கள் பெரும்பாலும் குளத்தின் பெயரால் வழங்குபவை: புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், அக்கராயன்குளம். இவ்விடத்துக்கோ கண்டியிலிருந்து எண்ணிவந்த மைற்கல்லே பெயராயிற்று. மைற்கற்கள் போய்க் கிலோமீற்றர்க் கற்கள் வந்துவிட்டன. பெயர் மட்டும் போகவில்லை. தன் வாசலில் நிற்பவன் தன் இருப்பிடத்தை வேறொரு நகரத்திலிருந்து அளந்து சொல்ல நேர்ந்தது எவ்வாறு என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் இவ்வீதிக்குக் கண்டி வீதி என்று பெயர். வவுனியாவில் நின்று வடக்கே பார்த்தால் அதுவே யாழ்ப்பாண வீதி. அரசாங்கப் பதிவேட்டில் ஏ-9; நீளம் ஏறத்தாழ 321 கிலோமீற்றர். மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, சாவகச்சேரி என்று பழைய ஊர்களையும் புதிய ஊர்களையும் ஒரே நூலில் கோத்துக்கொண்டு செல்கிறது.

இதற்கு முன்னர் வன்னியில் வழிகளே இல்லாமலில்லை. வன்னிமைகள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானைகளைக் கொடுத்தன. அவ்வானைகள் ஆழங்குறைந்த கடனீரேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் சென்றமையாலேயே ஆனையிறவுக்கு அப்பெயர். ஊர்காவற்றுறையிலிருந்து அவை கப்பலேறி இந்தியக் கரைக்குச் சென்றன. ஒல்லாந்தருக்குப் பின்வந்த ஆங்கிலேயர் 1803இல் கற்சிலைமடுவில் பண்டார வன்னியனைத் தோற்கடித்தனர். 1815இல் கண்டி அவர்கள் கைக்கு வந்தது. பிடித்த நாட்டைப் பிடியில் வைத்திருக்கப் படை விரைந்து செல்லும் பாதை வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகவே, துரைமாருக்குப் பாதையின் தேவை இரட்டித்தது.

பாதையை வெட்டியவர் யார்? இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்ததாக 1832இல் ஆங்கில ஆட்சி பெருமை கொண்டாடிற்று. பதினாறாண்டு கழிந்ததும், 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டத்தின் வழியே, அதே ஊழியம் பின்வாசலால் உள்ளே நுழைந்தது. பதினெட்டு வயது முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஒவ்வோர் ஆணும் ஆண்டில் ஆறு நாள் வீதியிலே வேலை செய்தல் வேண்டும்; இயலாதவன் மூன்று சிலிங் கட்டவேண்டும். தோட்டத் துரைக்கு மூன்று சிலிங் ஒரு பொருட்டன்று. கையில் காசு புழங்காத குடியானவனுக்கு அது பெருந்தொகை. அவ்வாண்டு ஆடியில் மூண்ட கலகத்தின் களங்களைக் கவனியுங்கள்: தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான், மாத்தளையில் மக்கள் திரண்டனர். இரண்டும் இதே வீதியிலுள்ள ஊர்கள். புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக்கொன்றார்கள். சிங்களக் குடியானவரின் இந்தப் போராட்டத்தை நம் பிள்ளைகள் பரீட்சைக்கு மனனஞ்செய்து மறந்துவிடுகின்றனர். அது தம் வீட்டுக்கு முன்னாற் செல்லும் வீதியின் கதை என்று அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

இவ்வீதியில் நடந்தவர்களுள் இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. தமிழகத்துக் கிராமங்களிற் பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மதவாச்சிக்கு வந்து, அங்கிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தவர்கள் அவர்கள். கங்காணி முன்னே, குழந்தையை இடுப்பிற் சுமந்த தாய் பின்னே. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். மைற்கல் நட்ட அரசாங்கம் அவர்களுக்குக் கல் நடவில்லை.

வடக்குப் பகுதியில், ஓமந்தை முதல் பரந்தன் வரை, வீதி நெடுங்காலம் காட்டைக் கிழித்த ஒரு கோடாக மட்டுமே கிடந்தது. மலேரியாவுக்கு அஞ்சி மக்கள் தங்கவில்லை. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முடிவுற்ற பின்னும் பிரயாணிகள் வன்னியைச் சாளரத்தினூடே பார்த்துக்கொண்டு போனார்களேயன்றி இறங்கவில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொள்வதே பலருக்கும் வன்னியோடிருந்த உறவு!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளத்து வேலை தொடங்கியதும் நிலை மாறலாயிற்று. 1930களின் நடுவிற் கிளிநொச்சிக் குடியேற்றம் பிறந்தது, போருக்குப்பின் டி.டி.ரி. மருந்து நுளம்பை அடக்கியது. அறுபதுகளில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களிற் படித்த வாலிபர்கள் காடு வெட்டினார்கள். 1970இல் வந்த ஐக்கிய முன்னணி அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, காய்ந்த மிளகாய் மூடைகள் லொறி லொறியாக இவ்வீதி வழியே தெற்குக்குச் சென்றன. மண்வீடு கல்வீடாயிற்று. (அதே அரசுதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலையும் கொண்டுவந்தது, இடதுசாரிக் கட்சிகள் அதிற் பங்காளிகளாக இருந்ததை நாம் மறைப்பதற்கில்லை.) 1977இல் வந்த அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. விலை சரிந்தது, கமக்காரனின் கடன் ஏறிற்று.

அதே காலத்தில் மாத்தளைக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வடக்கு நோக்கி வந்தார்கள். 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்கள் அவர்களைத் தோட்டங்களிலிருந்து விரட்டின. வன்னித் தமிழகம் அவர்களுக்குப் புகலிடம் தந்தது என்று மேடைகளிற் பேசுகிறோம். உண்மையில் அவர்களிற் பலருக்கு நாம் தந்தது வயல் வேலையும் வாய்க்காற் கரையும்தான். உறுதியில்லாக் காணியில் குடிசை. பிறர் நிலத்தில் நாட்கூலி. துரையின் இடத்தில் குடாநாட்டுக் காணிக்காரர் நின்றார்.

போர்க்காலத்தைப் பற்றி விரித்தெழுத இவ்விடம் போதாது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, பல தலைமுறைகளாக நம்மோடு வாழ்ந்தவர்கள் கையிற் பொட்டணத்தோடு தெற்கே போயினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. 1996இல் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோது, சனங்கள் வீதியைவிட்டு மேற்கே அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் ஓடி மரத்தடிகளில் தங்கினர். 1997 மே மாதம் தொடங்கிய 'ஜயசிக்குறு' நடவடிக்கையின் நோக்கமே இவ்வீதியைப் பிடிப்பது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிரக்கணக்கான இளைஞர், இரு பக்கத்து ஏழைகளின் பிள்ளைகள், மாண்டனர். 2002இல் வீதி திறந்தது: ஒரு முனையில் இராணுவச் சோதனை, மறுமுனையிற் புலிகளின் வரி. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் மக்கள் வன்னியிலிருந்து வவுனியா முகாங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஓமந்தையிற் பிரித்தெடுக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், இதே வீதியோரத்தில், போராட்டத்தில் அமர்ந்தார்கள்.

போருக்குப் பின் வெளிநாட்டுக் கடனால் வீதி கண்ணாடிபோல் ஆயிற்று. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் இருமருங்கும் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்தரும் ஆசிரியரும் நாள்தோறும் பஸ்ஸில் வந்து திரும்புகின்றனர். இது வசதிதான், குறைகூற நமக்கு உரிமையுமில்லை, ஏனெனில் நம்மிற் பலர் அந்தப் பஸ்ஸில் இருக்கிறோம். ஆனால் முறிகண்டியில் மேற்கே திரும்பி அக்கராயன் வழியாக ஸ்கந்தபுரம் வரை ஒருமுறை சென்று பாருங்கள். பிரதான வீதியிலிருந்து விலக விலக ஆசிரியர் குறைவதையும், பாடவேளைகள் வெறுமையாவதையும் காணலாம். ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் நாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். காலையில் நமக்காகக் காத்திருந்த பிள்ளைகள், புழுதி படிந்த சப்பாத்துகளைக் கையிற் பிடித்துக்கொண்டு, நாம் போகும் திசைக்கு எதிர்த்திசையிற் குளக்கட்டு வழியே வீட்டுக்கு நடக்கிறார்கள்.