வெளுத்துப் போன வானமும் கேமரா ஃபில்டரும்



நம் மேல்மலையனூர்ப் பிள்ளைகள் பலர் நல்ல கேமரா வாங்கி, மயானக்கொள்ளை, தேர், செஞ்சிக்கோட்டை என்று படம் எடுத்துப் போடுகிறீர்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது. "சார், லென்ஸுக்கு எந்த ஃபில்டர் வாங்கலாம்? எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே திருத்தலாமே, அது தேவையா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விடை வரலாற்றில் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரைக் கோயில்களைப் படம் எடுத்தார். மெழுகு ஏற்றிய காகிதத்தையும் அவர் நெகடிவாகப் பயன்படுத்தினார். அன்றைய நெகடிவ் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். கோபுரம் பதிவாவதற்குள் நீலவானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவின் மேல் தூரிகையால் மேகம் வரைந்தார்! அவர் படங்களில் நாம் ரசிக்கும் மேகங்கள் சில, அன்று வானத்தில் இருந்தவையே அல்ல.

லென்ஸில் மஞ்சள் கண்ணாடி போட்டு நீலத்தைக் குறைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நீலத்தை மட்டுமே அறிந்த நெகடிவில் நீலத்தைத் தடுத்தால் ஒன்றுமே பதியாது. 1873இல் ஜெர்மானியர் ஹெர்மன் வோகல், சாயம் கலந்தால் பச்சை போன்ற நிறங்களும் பதியும் என்று கண்டார். 1906இல் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் எல்லா நிறங்களையும் உணரும் பிளேட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகே மஞ்சள், சிவப்பு ஃபில்டர்களுக்கு முழுப் பயன் கிடைத்தது. நீலம் குறைந்ததும் வானம் கருத்தது. உண்மையான மேகம் படத்தில் வந்தது.

ஃபில்டர் எதையும் சேர்ப்பதில்லை. வேண்டாததை விலக்குகிறது. இதை மிக அழகாகப் பயன்படுத்தியவர் நம் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமன். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, ராமன் நிக்கல் பட்டகம் வழியாகக் கடலைப் பார்த்தார். அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுத்துவிடும். பிரதிபலிப்பு மறைந்தது, நீலம் மறையவில்லை, இன்னும் நன்றாகத் தெரிந்தது! இன்றைய போலரைசர் ஃபில்டர் செய்வதும் இதே வேலைதான்.

டிஜிட்டல் கேமராவுக்குள்ளும் ஃபில்டர் உண்டு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு சிறு ஃபில்டர் இருக்கும். பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். அதனால் நிறத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். பழைய நிற ஃபில்டர்கள் பெரும்பாலும் தேவையில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம்.

1. முதலில் வாங்க வேண்டியது சர்குலர் போலரைசர். செஞ்சிக்கோட்டைச் சக்கரக்குளத்தில் நீரின் பளபளப்பைக் குறைக்கும். இலையின் பச்சையைக் கூட்டிக் காட்டும். சூரியன் உங்கள் தோள் பக்கம் இருக்கும்படி நின்று, வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், வானமும் கருநீலமாகும். ஒளி ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறையும், மாலையில் கழற்றிவிடுங்கள்.

2. அடுத்தது என்டி ஃபில்டர். வெறும் ஒளியைக் குறைக்கும். 1/30 வினாடியில் எடுக்க வேண்டிய படத்தை, என்டி 1000 போட்டால் சுமார் 30 வினாடி எடுக்கலாம். ஓடும் நீர் பட்டுப்போல வரும். டிரைபாட் அவசியம்.

3. யூவி ஃபில்டர் பிலிம் காலத்துத் தேவை. இன்று அது லென்ஸுக்கு ஒரு கவசம். மயானக்கொள்ளைப் புழுதிக்கும் குங்குமத்துக்கும் நல்லது. அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்தில் கழற்றிவிடுங்கள். கற்பூரச் சுடரும் மின்விளக்கும் அந்தக் கண்ணாடியில் எதிரொளித்துப் போலி வெளிச்சமாய்ப் படத்தில் விழும்.

4. லென்ஸ் முகப்பில் 58, 67, 77 என்று விட்டம் இருக்கும். உங்களிடம் உள்ள பெரிய லென்ஸுக்கு வாங்கி, சிறியவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டால் பணம் மிச்சம்.

5. சூரிய கிரகணத்துக்கு என்டி ஃபில்டரை நம்பவே வேண்டாம். அதற்கென்று உள்ள சோலார் ஃபில்டர் மட்டுமே லென்ஸின் முன் பொருத்த வேண்டும். கண் போனால் வராது.

பிள்ளைகளே, கம்ப்யூட்டரில் வானத்தை மாற்றுவது டிரைப்பின் தூரிகை வேலைதான். அழகாக இருக்கும், ஆனால் நீர் பளபளப்பில் மறைந்த குளத்தின் அடியை எந்த மென்பொருளும் அப்படியே மீட்டுத் தராது. நாளை நம் ஊரைப் பற்றி எழுதுபவருக்கு உங்கள் படங்களே சான்று. திருத்தினால், திருத்தியது என்று கீழே எழுதிவிடுங்கள். அசல் கோப்பையும் அழிக்காமல் வையுங்கள்.

வாழ்க வளமுடன்.